பழைய ஜீப்புக்கு எந்த டெயில் லைட்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், அப்பா ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஓட்டின மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப்பை முழுசா பிரிச்சு ரெடி பண்ணிட்டு இருக்கேன். டிங்கரிங், பெயின்ட் முடிஞ்சிருச்சு. டெயில் லைட் ரெண்டும் துருப்பிடிச்சு ஓட்டையாகிருச்சு. அதே மாதிரி வட்ட லைட்டே வாங்கலாமா, எல்.இ.டி. செட் போட்டுடலாமா? ஆன்லைன்ல அமெரிக்க ஜீப்புக்குன்னு ஒரு செட் பாத்தேன், ரொம்ப அழகா இருக்கு. (வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: அந்த அமெரிக்க செட்டை முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. அங்க நிறைய வண்டியில பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு பல்புதான், திரும்பும்போது அந்த சிவப்பே விட்டு விட்டு எரியும். அங்க சட்டம் அதுக்கு இடம் குடுக்குது, நம்ம ஊர்ல இண்டிகேட்டர் மஞ்சளாத்தான் இருக்கணும். கண்ணாடி மேல எஸ்.ஏ.இ.ன்னும் டி.ஓ.டி.ன்னும் எழுத்து இருந்தா அது அமெரிக்க கணக்குக்கு செஞ்சது. வட்டத்துக்குள்ள 'இ' எழுத்தும் பக்கத்துல ஒரு நம்பரும் இருந்தா ஐரோப்பிய முறை, அது நம்ம தேவைக்கு நெருக்கமா வரும். எந்த குறியுமே இல்லாத லைட்டை, விலை எவ்வளவு குறைச்சலா இருந்தாலும் வாங்காதீங்க.

என் பேச்சைக் கேட்டா, இரும்பு பாடி வச்ச வட்ட லைட்டே போடுங்க, 21/5 வாட் டபுள் பிலமென்ட் பல்ப் போடுற மாதிரி (ஒரே பல்புக்குள்ள பிரேக்குக்கு 21 வாட், ராத்திரி எரியிற பார்க் லைட்டுக்கு 5 வாட்னு ரெண்டு கம்பி). மலை ரோட்டுல தெறிக்கிற கல்லுல ஒரு கண்ணாடி உடைஞ்சா கண்ணாடியை மட்டும் மாத்திக்கலாம், பல்ப் போனா போடியில இருந்து குமுளி வரைக்கும் எந்த ஸ்பேர்ஸ் கடையிலயும் கிடைக்கும். சீல் பண்ணின எல்.இ.டி. செட்டுல ஒரு சின்ன விரிசல் வழியா தண்ணி போயிருச்சுன்னா மொத்தமா தூக்கிப் போட வேண்டியதுதான், அதுவும் மழைக்காலத்துல எஸ்டேட்டுக்குள்ள வச்சு அணைஞ்சதுன்னா ராத்திரி இறங்கி வர்றதுக்கு என்ன பண்ணுவீங்க.

கடையில கையில வாங்கிப் பாக்கும்போது கண்ணாடி பளபளப்பை விட்டுட்டு பல்ப் ஹோல்டரைப் பாருங்க. 21/5 பல்போட ரெண்டு பின்னும் ஒரே உயரத்துல இருக்காது, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, திருப்பி மாட்டிடக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க. மட்டமான ஹோல்டர்ல தகடு மெலிசா இருக்கும், அழுத்தித் திருகினா தப்பான பக்கமும் உள்ள போயிரும், அப்புறம் பார்க் லைட் போட்டா பிரேக் லைட் வெளிச்சம், பிரேக் அடிச்சா மினுக்குன்னு ஒரு வெளிச்சம். அதனால ஒரு பல்பை கையோட எடுத்துட்டுப் போய் ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்தே வாங்குங்க. ரப்பர் கேஸ்கெட் முழு வட்டமா உக்காருதா, கீழ தண்ணி வடியிற ஓட்டை இருக்கா, நம்பர் பிளேட் பக்கம் வர்ற லைட்டுக்கு அடியில வெள்ளைக் கண்ணாடி இருக்கா, இதையும் பாத்துக்குங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 படி பின் சிவப்பு லைட் 155 மீட்டர்ல இருந்து தெரியணும், நம்பர் பிளேட் வெள்ளை வெளிச்சத்துல 50 மீட்டர்ல இருந்து படிக்க முடியணும். எப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகும்போது இதைக் கண்டிப்பா பாப்பாங்க.

இனிமேதான் முக்கியமான விஷயம். நீங்க புதுசா பெயின்ட் அடிச்சிருக்கீங்க, இந்த மாதிரி ஜீப்புல லைட்டுக்கு எர்த்து, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி, பாடி வழியாத்தான் போகும், பெயின்ட் மேல ரப்பரை வச்சு அது மேல லைட்டை முடுக்கினா எர்த்து எங்க இருந்து வரும்? லைட் எரியும், ஆனா மங்கலா. பிரேக் அடிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து லேசா மினுங்கும், ஏன்னா கரண்ட் போக வழியில்லாம பக்கத்து பிலமென்ட் வழியா சுத்திட்டுப் போகுது. நிறைய பேர் இதைப் பாத்துட்டு லைட் மட்டம்னு இன்னொரு செட் வாங்கிடுறாங்க, காசுதான் தண்டம். ஒவ்வொரு லைட் பாடியில இருந்தும் தனியா ஒரு கருப்பு ஒயர் எடுத்து சேஸிஸ்ல பெயின்ட் சுரண்டின இடத்துல போல்ட் போட்டு முடுக்கி மேல கிரீஸ் தடவிடுங்க. ஃபைபர் பாடி போட்டவங்களுக்கு இது இல்லாம லைட்டே எரியாது. அப்புறம் மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை பல்ப் ஹோல்டர் தகட்டுலயும் வச்சு யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லுங்க, 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டுச்சுன்னா நல்ல எர்த்து. 1 வோல்ட், 1.2 வோல்ட்னு காட்டுச்சுன்னா விடாதீங்க, பிலமென்ட் பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிரும்.

கேள்வி: பழைய வட்ட லைட்டுக்குள்ளயே எல்.இ.டி. பல்ப் மாத்தினேன். இண்டிகேட்டர் படபடன்னு வேகமா அடிக்குது, நம்பர் பிளேட் சிவப்பாத் தெரியுது. பிரேக் அடிச்சாலும் பெருசா வித்தியாசம் தெரியலைன்னு பின்னாடி வந்த ஃப்ரெண்ட் சொல்றான். (வாசகர், ஊட்டி)

பதில்: மூணுக்கும் மூணு காரணம். ஃபிளாஷர், அதாவது இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற ரிலே, 21 வாட் பல்போட லோடை எதிர்பாத்து செஞ்சது, எல்.இ.டி. ரெண்டு மூணு வாட்தான் எடுக்கும், அதனால பல்ப் ஃபியூஸ் போயிருச்சுன்னு நெனச்சு வேகமா அடிக்குது. நிமிஷத்துக்கு 60ல இருந்து 120 தடவைக்குள்ளதான் அடிக்கணும்னு விதி. சில பேர் 6 ஓம் ரெசிஸ்டர் போட்டு சமாளிப்பாங்க, அது நல்லா சூடாகும், ஒயர் பக்கத்துல கட்டினா உருகிரும். எல்.இ.டி.க்குன்னே வர்ற ஃபிளாஷர் ரிலே மாத்துறதுதான் சரி.

நம்பர் பிளேட் சிவப்பானதுக்கு காரணம், அடியில இருக்கிற வெள்ளைக் கண்ணாடிக்கும் அதே பல்புதான் வெளிச்சம் குடுக்குது. அதுக்காக வெள்ளை எல்.இ.டி. போட்டுடாதீங்க, சிவப்பு கண்ணாடிக்குப் பின்னாடி அது வெளிறிப் போய் மங்கலாத் தெரியும். சிவப்பு எல்.இ.டி.யே இருக்கட்டும், நம்பர் பிளேட்டுக்குத் தனியா ஒரு சின்ன வெள்ளை லைட் போட்டுடுங்க.

பிரேக் விஷயம்தான் எனக்குக் கவலையா இருக்கு. 21/5 பிலமென்ட் பல்புல பார்க் வெளிச்சம் 35 லூமன், பிரேக் 440 லூமன், பன்னண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். மட்டமான எல்.இ.டி. பல்புல பார்க் லைட்டே பளிச்சுன்னு இருக்கும், பிரேக் அடிச்சா கொஞ்சம்தான் கூடும், பனி மூட்டத்துல பின்னாடி வர்றவருக்கு நீங்க நிக்கிறதே தெரியாது. வெளிச்சத்தை நேரா முன்னாடி மட்டும் அடிக்காம பக்கவாட்டுலயும் அடிக்கிற பல்பா வாங்குங்க, அப்பத்தான் உள்ள இருக்கிற ரிஃப்ளெக்டர் வேலை செய்யும். வாங்கினதும் பகல் வெயில்ல 30 மீட்டர் தள்ளி நின்னு பாருங்க, பார்க்குக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் சட்டுன்னு தெரியலைன்னா பழைய பல்பையே திரும்பப் போடுங்க. நல்ல எல்.இ.டி. கிடைச்சா லாபம்தான், பிலமென்ட் முழுசா எரிய 0.2 செகண்ட் பக்கம் ஆகும், எல்.இ.டி. உடனே எரியும், 80 கிலோமீட்டர் வேகத்துல பின்னாடி வர்ற வண்டி அந்த நேரத்துக்குள்ள நாலு மீட்டருக்கு மேல வந்துரும்.

கேள்வி: இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் எம்.பி. 6 வோல்ட் ஜீப் வச்சிருக்கேன். ஒரிஜினல் மாதிரியே டெயில் லைட் வேணும். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இதுக்கு ரெப்ளிகா லைட் கிடைக்குது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாலும் சாதாரண டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் இடது பக்கம் மட்டும்தான், வலது பக்கம் எதிரி விமானத்துக்குத் தெரியாம ஓட்டுறதுக்கான பிளாக் அவுட் லைட். ரோட்டுல ராத்திரி ஓட்டணும்னா வலது பக்கத்துக்கும் இடது பக்க உள் பாகத்தையே போட்ட லைட் வாங்குங்க, வெளியில பாத்தா தெரியாது. 6 வோல்ட்ல 21 வாட் பல்ப் 3.5 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்ல இழுக்கிறதைப் போல ரெண்டு மடங்கு, அதனால ஒயர் தடிமனா இருக்கணும். 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021ல வந்த விண்டேஜ் விதியில வி.ஏ. நம்பர் (பழைய வண்டிக்குன்னே குடுக்கிற பதிவு எண்) வாங்க நினைச்சீங்கன்னா சேஸிஸ், பாடி, இன்ஜின் எதுலயும் கை வைக்காம ஒரிஜினலாவே வச்சிருங்க. அந்த நம்பர்ல தினசரி ஓட்ட முடியாது, ராலி, கண்காட்சி, பெட்ரோல் போடுறது, மெயின்டனன்ஸ் மாதிரி காரியத்துக்கு மட்டும்தான்.

கேள்வி: அகல டயர் போட்டதுக்கப்புறம் பின்னாடி மாட்டின ஸ்டெப்னி ஒரு டெயில் லைட்டை மறைக்குது. லைட்டை பம்பருக்கு இறக்கிடலாமா? (வாசகர், கொல்லிமலை)

பதில்: வேண்டாம். பம்பர்ல சேறு அப்பிக்கும், ரிவர்ஸ் எடுக்கும்போது முதல் அடியும் அதுக்குத்தான். ஸ்டெப்னி பிராக்கெட்டை நடுப்பக்கமா நகர்த்துங்க. நகர்த்தினதும் நேர் பின்னாடி நின்னு மட்டும் பாக்காதீங்க, ரெண்டு பக்கமும் சாய்வா நின்னும் பாருங்க, கொண்டை ஊசி வளைவுல பின்னாடி வர்ற வண்டிக்கு உங்க லைட் அந்தக் கோணத்துலதான் தெரியும்.