ஏலத்துல எடுத்த ஆமி ஜெனரேட்டர் ஜாம்! உடைக்கிறதா, ஓட்டுறதா?

கேள்வி: நானும் மச்சானும் சேர்ந்து ஏலத்துல ஆமி கழிச்சு விட்ட ஒரு டீசல் ஜெனரேட்டர் எடுத்தோம். லிஸ்டர் பெட்டர் எஞ்சின், 3 சிலிண்டர், காத்துல கூல் ஆகுற வகை. ப்ளேட்ல 10 கேவிஏ, 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 1500 ஆர்பிஎம், பெட்டரி 24 வோல்ட் எண்டு இருக்கு. வெளியில கன வருஷம் கிடந்த சாமான், சைலன்சர் வாய் மேல பார்த்தபடி மூடி இல்லாம இருக்கு. க்ராங்க் நட்ல ஸ்பனர் போட்டு ரெண்டு பேர் தொங்கினாலும் அசையுதில்ல. ஒரு பாஸ் சொல்றார் ரெண்டு லொறி பெட்டரி குடுத்து ஸ்டார்ட்டர்ல அடிச்சா விடும் எண்டு, இன்னொருத்தர் இரும்புக்குப் போடு எண்டு சொல்றார். யார் பேச்சைக் கேக்கிறது? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் கேக்க வேணாம். முதல்ல அந்த ஸ்டார்ட்டர் வயரைக் கழட்டி டேப் சுத்தி வைங்க, யாரும் ஆசைக்குக் கூட அமத்தக் கூடாது. ஜாம் ஆன எஞ்சின்ல ஸ்டார்ட்டர் அடிச்சா ஸ்டார்ட்டர் எரியும், இல்லாட்டி ப்ளைவீல் பல்லு உடையும், அதுவும் இல்லாம சிலிண்டருக்குள்ள தண்ணி நிண்டுச்செண்டா கனெக்டிங் ரொட் வளையும். தண்ணி அமுங்காது, ரொட் தான் அமுங்கும். நீங்க ரெண்டு பேர் தொங்கினதையும் இதோட நிப்பாட்டுங்க.

இப்ப யோசிக்க வேண்டியது, ஜாம் ஆனது எது எண்டு. எல்லாரும் எஞ்சின் எண்டே முடிவு கட்டுறாங்க, ஆனா ஜெனரேட்டர்ல எஞ்சினும் ஓல்டர்னேட்டரும் (கரண்ட் உண்டாக்குற பகுதி) ஒரே ஷாஃப்ட் மாதிரித்தான் சுத்துது, பின்னால இருக்கிற பேரிங் துருப்பிடிச்சு இறுகினாலும், ரோட்டருக்கும் (சுத்துற பகுதி) ஸ்டேட்டருக்கும் (சுத்தாத பகுதி) நடுவுல எலி கூடு கட்டி அது மழையில ஊறிக் காய்ஞ்சு கிடந்தாலும் முன்னால ஸ்பனர் போட்டா அசையாது. பின் கவரைக் கழட்டி டோர்ச் அடிச்சு வடிவா பாருங்க. தேவைப்பட்டா ப்ளைவீல்ல ரோட்டரைப் பிடிச்சிருக்கிற தட்டு போல்ட்டுகளைக் கழட்டி ரெண்டையும் பிரிச்சிட்டு தனித்தனியா சுத்திப் பார்க்கலாம், ரோட்டர் கீழ விழுந்து வைண்டிங்ல (செம்புக் கம்பிச் சுருள்) இடிக்காம தாங்கு குடுத்துட்டுத்தான் பிரிக்கோணும்.

கவர் கழட்டின கையோட இன்னொரு வேலை, என்னைக் கேட்டா இதுதான் முழு விஷயத்தையும் முடிவு பண்ற வேலை. எஞ்சின்ல ஒரு ரூபா செலவழிக்க முன்னம் வைண்டிங்குக்கு மெகர் போட்டுப் பாருங்க, கம்பியில இருந்து கரண்ட் கசியுதா எண்டு காட்டுற மீட்டர் அது. மோட்டர் வைண்டிங் செய்ற எந்தக் கடையிலயும் மெகர் இருக்கும். 500 வோல்ட்ல வைச்சு, ஏவிஆரையும் (வோல்டேஜை ஒரே அளவுல வைக்கிற பெட்டி) டயோடுகளையும் கழட்டி விட்டுட்டு, வைண்டிங்குக்கும் பொடிக்கும் (வெளி இரும்பு உடம்பு) நடுவுல அளக்கோணும், கழட்டாம போட்டா அதுகள் போயிடும். 1 மெகாஓமுக்கு மேல காட்டினா உங்களுக்கு அதிர்ஷ்டம். கீழ காட்டினாலும் பயப்பட வேணாம், கொழும்புக் கடல் காத்துல வெளியில கிடந்த சாமான் ஈரம் குடிச்சுத்தான் இருக்கும், பழைய சூடு பல்ப் ரெண்டை உள்ளுக்குள்ள துணியில கம்பியில படாம தொங்க விட்டு மேல சாக்குப் போட்டு கொஞ்ச நாள் காய வைங்க, ஒவ்வொரு நாளும் ரீடிங் ஏறுதா எண்டு எழுதி வைங்க. ஏறவே இல்ல, பூச்சியத்துல நிக்குது எண்டா வைண்டிங் புதுசா சுத்தோணும், செம்பு விலைக்கு அது பெரிய காசு. அந்த இடத்துலதான் இரும்புக்குப் போடு எண்டவர் சொன்னதை யோசிக்கலாம். எஞ்சின் ஜாம் எண்டு பயந்து நல்ல வைண்டிங்கை இரும்புக்குப் போடுறவங்களும் இருக்காங்க, எஞ்சின்ல எல்லாக் காசையும் கொட்டி ஓட வைச்ச பிறகு வைண்டிங் எரிஞ்சிருக்கு எண்டு கண்டுபிடிக்கிறவங்களும் இருக்காங்க.

சரி, ஓல்டர்னேட்டர் நல்லா இருக்கு, எஞ்சின்தான் ஜாம் எண்டு வைப்போம். நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமாப் படுறது மூடி இல்லாத சைலன்சர். மழைத்தண்ணி அதுவழியா இறங்கி, எஞ்சின் கடைசியா நிண்ட நேரம் எந்த சிலிண்டர்ல எக்சோஸ்ட் வால்வு திறந்திருந்துச்சோ அந்த சிலிண்டருக்குள்ள போயிருக்கும். அப்ப மூணுமே போச்சு எண்டு நினைக்க வேணாம், அனேகமா ஒண்டுதான், மிஞ்சினா ரெண்டு. மூணு நோசிலையும் (டீசல் பீச்சுற முனை) கழட்டுங்க, போன்ல கொழுவுற சின்ன கமரா இப்ப புறக்கோட்டையில மலிவா கிடைக்குது, அதை விட்டுப் பார்த்தா எந்த போர்ல (சிலிண்டர் உள் சுவர்) துரு எண்டு தெரிஞ்சிடும். தண்ணி நிண்டா உறிஞ்சி எடுங்க.

பிறகு ஊற விடுறது. ட்ரான்ஸ்மிஷன் ஒயிலையும் அசிற்றோனையும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துறது பழைய முறை, நல்லா வேலை செய்யும், ஆனா அசிற்றோன் பெற்றோல் மாதிரி பத்தும், பெயின்ட்டையும் ரப்பரையும் திங்கும், மூடின கராஜ்ல செய்யாதீங்க, பக்கத்துல பீடி குடிக்கிற பாஸையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி டீசலும் ட்ரான்ஸ்மிஷன் ஒயிலும் கலந்து ஊத்தினாலும் சரி, கொஞ்சம் மெதுவா இறங்கும், அவ்வளவுதான். ஒரு கிழமை ரெண்டு கிழமை விடுங்க, குறையக் குறைய ஊத்துங்க. வால்வும் இறுகியிருக்கலாம், அதனால ரொக்கரைத் (வால்வை அமத்துற கை) தளர்த்தி விட்டுட்டுத்தான் சுத்தப் பார்க்கோணும், இல்லாட்டி அதைத் தள்ளுற புஷ்ரொட் வளைஞ்சிடும். நீளமான பாரைப் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் எண்டு அசைச்சுப் பாருங்க, ஒரு மயிரிழை அசைஞ்சாலும் சந்தோஷப்படுங்க, மேல ஊத்திட்டு நாளைக்குப் பாருங்க. அசைஞ்ச உடனே வலுக்கட்டாயமா முழுச் சுத்து சுத்தப் போனா துரு ரிங்கை உடைச்சு போரைக் கீறும்.

இதுக்கும் அசையல்லையா, ஹெட்டைக் கழட்டுங்க. உங்க எஞ்சின்ல நல்ல விஷயம் என்னண்டா காத்துல கூல் ஆகுறதால ஒவ்வொரு சிலிண்டரும் தனி பெரல், தனி ஹெட், பழுதான சிலிண்டரை மட்டும் தனியா பார்க்கலாம். பிஸ்டன் பாதி தூரத்துல நிண்டா மேல பலகைக் கட்டை வைச்சு தட்டலாம், உச்சியிலயோ அடியிலயோ நிண்டா தட்டக் கூடாது, க்ராங்கைச் சுத்தாம நேரா பேரிங்லதான் அடி விழும். பெரலைக் கழட்டினா அடியில மெல்லிய ஷிம் தகடு இருக்கும், எந்த சிலிண்டர்ல எத்தனை எண்டு எழுதி வைங்க, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அதுதான் பிடிச்சு வைக்குது. பூட்டும்போது பிஸ்டன் மேல ஈயக் கம்பி வைச்சு நசுக்கி மைக்ரோமீட்டர்ல அளந்து புத்தகத்துல இருக்கிற அளவோட ஒத்துப் பாருங்க. போர்ல லேசான துரு எண்டா ஹோன் பண்ணி (கல்லால தேய்ச்சு) புது ரிங் போட்டா காணும், நகத்துல மாட்டுற அளவுக்குக் குழி விழுந்திருந்தா லேத்துக்குத்தான் போகோணும். சாமான் தேட பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது எஞ்சின் நம்பரை எழுதிக் கொண்டு போங்க, பழைய ரிங்கையும் கையில எடுத்துக்கொண்டு போங்க, லிஸ்டர் எண்டு மட்டும் சொன்னா ஆளுக்கொண்டு எடுத்து நீட்டுவாங்க. பழைய எக்சோஸ்ட் கேஸ்கட்டும் சைலன்சர் சுத்தியிருக்கிற துணியும் அஸ்பெஸ்டஸா இருக்கலாம், சுரண்டாம நனைச்சு எடுங்க, முகமூடி போடுங்க.

எஞ்சின் கையால சுத்த ஆரம்பிச்சதும் அடுத்தது பெட்டரி எண்டு பாயக் கூடாது. அடியில இருக்கிற ஒயில் தொட்டி, சம்பைக் கழட்டுங்க, ஒயில் பால் கலர்ல இருந்தா தண்ணி போயிருக்கு, பேரிங்கையும் திறந்து பாருங்க. டீசல் டாங்கை முழுசா கழுவுங்க, தண்ணியும் டீசலும் சேருற இடத்துல கறுப்புச் சளி மாதிரி ஒண்டு வளரும், அது ஃபில்டரை மட்டுமில்ல பம்பையும் அடைக்கும். நோசிலையும் பம்பையும் டீசல் பம்ப் செய்ற இடத்துல குடுத்து டெஸ்ட் பண்ணுங்க. நோசில் ஸ்ப்ரே பண்ணும்போது கை காட்டிப் பார்க்காதீங்க, அந்த ப்ரஷர்ல டீசல் தோலுக்குள்ள இறங்கும், வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளுக்குள்ள விரல் அழுகும், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடோணும்.

இப்ப இதைக் கவனமா வாசிங்க. ஜாம் ஆகிக் கிடந்த டீசல் எஞ்சின் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது ஆபத்து வார இடம் ஃப்யூவல் ரெக், எஞ்சினுக்குப் போற டீசலைக் கூட்டிக் குறைக்கிற கம்பி அது. பழைய டீசல் காய்ஞ்சு கோந்து மாதிரி ஆகி ரெக் முழு டீசல் பக்கம் ஒட்டியிருந்தா, வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரால அதை இழுக்க ஏலாது, எஞ்சின் ஸ்டார்ட் ஆன உடனே வேகம் ஏறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிக்காது, ஏன்னா டீசல் எஞ்சினுக்குத் தீ மூட்ட கரண்ட் தேவையில்ல. ரோட்டர் வெடிச்சு சிதறும் வரைக்கும் போகும். அதனால முதல்ல கையால ஸ்டொப் லீவரைத் தள்ளி விட்டுப் பாருங்க, விரல் எடுத்ததும் ஸ்ப்ரிங்ல தானா திரும்பி வரோணும். பிறகு ஏர் க்ளீனரைக் கழட்டிட்டு, காத்து போற வாயை முழுசா மூடுற அளவுக்கு ஒரு தடிச்ச பலகையோட ஒரு ஆளை பக்கத்துல நிக்க வைங்க. வேகம் கட்டுப்படாட்டி பலகையால மூடினா மூச்சு அடைஞ்சு நிண்டிடும். உள்ளங்கையால மூடாதீங்க, துணியாலயும் மூடாதீங்க, இழுத்துக்கொள்ளும். ஈதர் ஸ்ப்ரே அடிக்கிற பழக்கம் வேணவே வேணாம், ஹீட்டர் இருக்கிற எஞ்சின்ல அது வெடிக்கும்.

ஸ்டொப் லீவரைப் பிடிச்சுக்கொண்டு ஒயில் ப்ரஷர் ஏறுற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்தி, பிறகுதான் விடோணும். 24 வோல்ட் எண்டது ரெண்டு 12 வோல்ட் பெட்டரி தொடரா. ஒரே வயசு, ஒரே சைஸ் பெட்டரியா வாங்குங்க, அதுல ஒண்டுல மட்டும் 12 வோல்ட் லைட் இழுக்காதீங்க, மற்றது ஓவர் சார்ஜ் ஆகிச் செத்துடும்.

கடைசியா ஒண்டு. 10 கேவிஏ எண்டா பவர் ஃபெக்டர் 0.8ல 8 கிலோவாட், 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 43 ஆம்பியர். நம்ம வீட்டு லைன் அனேகமா 30 ஆம்பியர்தான், அப்ப இந்த மெஷின் ஒரு வீட்டுக்குப் பெருசு. 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்துல பெரிய மெஷினா வாங்கிப் போட்டுட்டு ரெண்டு ஃபேனும் ஃப்ரிட்ஜும் மட்டும் ஓட்டினவங்களுக்கு என்ன ஆச்சு எண்டா, டீசல் முழுசா எரியாம சைலன்சர்ல கறுப்பு எண்ணெய் வடிய ஆரம்பிச்சுது. மூண்டுல ஒரு பங்கு லோட்டாவது குடுங்க, ஓட்டும்போது ஒரு மின் கேத்தல் போட்டாலே 2 கிலோவாட் ஆகுது, எல்லாருக்கும் ப்ளேன்டீயும் ஆச்சு.

கேள்வி: எங்களுக்குக் கிடைச்சது அமெரிக்கன் ஆமி மெஷின், 60 ஹேர்ட்ஸ், 120/240 எண்டு இருக்கு. வேகத்தைக் குறைச்சா நம்ம வீட்டுக்கு சரிவருமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: பாதி சரிவரும், தங்கச்சி. 1800 ஆர்பிஎம்ல ஓடுறதை கவர்னர்ல 1500க்கு இறக்கினா 50 ஹேர்ட்ஸ் வரும், ஆனா அதோட வோல்டேஜும் 240ல இருந்து 200 பக்கம் இறங்கும். ஏவிஆரைத் திருகி ஏத்தப் பார்த்தா இரும்புக்குள்ள காந்தம் நிரம்பி எக்சைட்டர் (ரோட்டருக்குக் காந்தம் உண்டாக்கக் கரண்ட் குடுக்கிற பகுதி) சூடாகும், ப்ளேட்ல இருக்கிற பவர்லயும் ஆறுல ஒரு பங்கையாவது விட்டுக் குடுக்கோணும். அதைவிட முக்கியம், அந்த 240 எண்டது நடுவுல நியூட்ரல் வைச்சு இந்தப் பக்கம் 120 அந்தப் பக்கம் 120. அந்த நடு வயர் பொடியோட இணைஞ்சிருக்கும். நம்ம வீட்டு நியூட்ரலை ஒரு முனையில கொழுவினா நேரா ஷோர்ட். தெரிஞ்ச இலெக்ட்ரீஷியன் அந்த இணைப்பைக் கழட்டி ஒரு முனையை நியூட்ரலா மாத்தித் தரோணும். ப்ளேட்ல 400 ஹேர்ட்ஸ் எண்டு கண்டீங்களெண்டா விட்டுடுங்க, அது ரேடாருக்கும் விமானத்துக்கும் செஞ்சது.

கேள்வி: எஞ்சின் அருமையா ஓடுது, கரண்ட் ஒரு சொட்டும் வருதில்ல. ஏவிஆர் மாத்தியும் பார்த்தாச்சு. – வாசகர், தெமட்டகொடை

பதில்: ஏவிஆர் மாத்த முன்னம் மீட்டர் வைச்சுப் பார்த்திருந்தா காசு மிஞ்சியிருக்கும். அவுட்புட்ல ரெண்டு மூணு வோல்ட் கூட இல்லையெண்டா கன காலம் கிடந்ததுல எக்சைட்டர் இரும்புல மிச்சக் காந்தம் போயிருக்கும். எஞ்சினை நிப்பாட்டி, ஏவிஆர்ல இருந்து ஃபீல்ட் வயர் ரெண்டையும் கழட்டி, 12 வோல்ட் பெட்டரியில கொஞ்ச நொடி தொட்டு எடுங்க. ஸ்டாம்போர்ட் வகையில எக்ஸ் எண்டது ப்ளஸ், எக்ஸ்எக்ஸ் எண்டது மைனஸ், மாறக் கூடாது. ஏவிஆரைத் திரும்பப் பூட்டி ஓட்டுங்க. அதுக்கும் வரல்லையெண்டா சுத்துற டயோடுகளை ஒண்டொண்டா செக் பண்ணுங்க.

கேள்வி: 2025 பெப்ரவரி 9ல பாணந்துறை சப்ஸ்டேஷன்ல குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க கரண்ட் போன அண்டைக்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டர் வயரை ப்ளக் பொயின்ட்ல சொருகி வீடு முழுக்க கரண்ட் எடுத்தார். நானும் அப்பிடிச் செய்யலாமா? – வாசகர், மட்டக்குளி

பதில்: செய்யாதீங்க, அவரையும் நிப்பாட்டுங்க. மெயின் ஸ்விட்சை ஓஃப் பண்ண ஒரு நாள் மறந்தா, உங்க கரண்ட் ட்ரான்ஸ்போமர் வழியா திரும்பிப் போய் ஹை டென்ஷன் லைன்ல ஏறும், அங்க கரண்ட் இல்லையெண்டு நம்பி கம்பத்துல ஏறினவர் செத்துப் போவார். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒண்டு பூட்டுங்க, நியூட்ரலும் சேர்ந்து மாறுற வகையா இருக்கட்டும், ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிங்க, ட்ரிப் ஸ்விட்ச் வேலை செய்யுதா எண்டு பட்டனை அமத்திப் பாருங்க. பல்கனியிலயோ மாடிப்படிக்குக் கீழயோ வைக்க யோசிச்சா அதையும் விடுங்க, புகையில வாற காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்ல. வெளியில, ஜன்னலுக்குத் தள்ளி, சைலன்சர் வாயை வீட்டுக்கு மறுபக்கம் திருப்பி வைங்க, மழைக்கு மூடி ஒண்டும் போடுங்க.