கலெக்‌ஷன் கட்டப் புறப்படும் மாமா

அன்புள்ள அக்கா,

உங்கள் அம்மாவின் மறதி நோய் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் மாமனாருக்கு 74 வயது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. பகலெல்லாம் பேப்பரைச் சின்னச் சின்னதாகக் கிழித்து விரலிடுக்கில் செருகிக்கொள்கிறார். வீடு முழுக்கக் குப்பை. சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, "டிப்போவுக்குப் போகணும், கலெக்‌ஷன் கட்டலைன்னா மெமோ குடுத்துடுவான்" என்று கேட்டைப் பிடித்து உலுக்குகிறார். ரிட்டையர் ஆகிவிட்டீர்கள் என்று சொன்னால் கையை ஓங்குகிறார். குளிக்க வருவதில்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பர்ஸை அவரே அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, நான் எடுத்துவிட்டதாக நாத்தனாரிடம் ஃபோனில் சொல்கிறார். அவர்களும் பாதி நம்புகிறார்கள் போலிருக்கிறது. கணவருக்குத் திருச்சியில் வேலை, ஞாயிறு மட்டும் வருவார். "அப்பாகிட்ட பொய் சொல்லாதே, எடுத்துச் சொல்லிப் புரியவை" என்கிறார். மாமா வேண்டுமென்றே செய்கிறாரா அக்கா? சில நாள் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்,

வேண்டுமென்றே செய்யவில்லை. வேண்டுமென்று ஒன்றைச் செய்ய, முந்தாநாள் நடந்ததை நினைவில் வைத்துத் திட்டம் போட வேண்டும். அவரால் முடியாமல் போனதே அதுதான். அல்சைமர் வகை நோயில், புதிதாக நடப்பதைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தொடக்கத்திலேயே அடிபட்டுவிடுகிறது. கை பழகிய வேலை மூளையில் வேறு இடங்களில் இருக்கிறது. அது நெடுநாள் தங்கும். காலையில் சாப்பிட்ட இட்லி மாமாவுக்கு நினைவில்லை, ஆனால் டிக்கெட் கிழிப்பதும், நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுவதும் மறக்கவில்லை. என் அம்மா நடுராத்திரியில் எழுந்து அரிசியை ஊறப் போடுவார். மறுநாள் யாருக்கெல்லாமோ இட்லிக்கு மாவு அரைக்க வேண்டும் அவருக்கு. அரிசி டின்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு சின்னப் பாத்திரமும் இரண்டு பிடி அரிசியும் மட்டும் அடுப்படி மேடையில் விட்டுவைத்தோம். ஊறப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்.

இந்தப் பழக்கங்களைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதனால் அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து உண்டா? அவர் இதனால் தவிக்கிறாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பேப்பர் கிழிப்பதை நிறுத்தவே வேண்டாம். பழைய பேப்பரை நீங்களே கொடுங்கள், தோளில் மாட்ட ஒரு பை கொடுங்கள். குப்பையை ராத்திரி ஒரே தடவையாகக் கூட்டினால் போதும். கையிலிருப்பதை வாயில் போடும் பழக்கம் வந்தால் மட்டும் நாணயம், பட்டன் போன்றவற்றை எடுத்துவிடுங்கள். கேட்டை உலுக்குவது வேறு கதை. அதில் ஆபத்தும் உண்டு, தவிப்பும் உண்டு.

பொழுது சாயும் நேரத்தில் இப்படிப் பதற்றம் கூடுவது இந்த நோயில் எல்லா நாட்டிலும் பார்க்கிற விஷயம். உடம்பின் கடிகாரம் குழம்பியிருக்கும், பகல் முழுக்க முழித்த அசதி இருக்கும், வெளிச்சம் மங்கும்போது நிழல்கள் வேறென்னவோ போலத் தெரியும். அதனால் இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். நாலு மணிக்கே டிஃபன் கொடுங்கள், காப்பி அதோடு சரி. டிவியில் சண்டையும் அழுகையும் ஓட வேண்டாம். முடிந்தால் டிஃபனுக்கு அப்புறம் தெருவில் ஒரு நடை கூட்டிப் போய் வாருங்கள்.

அப்படியும் சட்டையை மாட்டினால், "மாமா, இன்னிக்குக் கலெக்‌ஷன் எவ்வளவு?" என்று கேளுங்கள். உட்கார வைத்து அந்தக் காகிதங்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் அவர் சொல்கிற தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, "கட்டியாச்சு மாமா" என்று காட்டுங்கள். தன் கையில் இருக்கும் பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் நிற்கிறோமே என்ற பயத்தில் அவர் இருக்கிறார். நேர்மையான மனிதர், அதனால்தான் இந்தப் பயம். ரிட்டையர் ஆகிவிட்டீர்கள் என்று சொன்னால் அந்தப் பயம் தீராது. வேலை போய்விட்டதென்ற அதிர்ச்சிதான் கூடும், அதுவும் ஒவ்வொரு நாளும் புதிதாக.

இது பொய்யில்லையா என்று உங்கள் கணவர் கேட்பார். ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் நகரின் பென்ராத் பகுதியில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கிருந்த மறதி நோயாளிகள் "வீட்டுக்குப் போகணும்" என்று வெளியே போய்விடுவார்கள். இல்லத்தின் வாசலிலேயே ஒரு பஸ் ஸ்டாப் வைத்தார்கள். வழக்கமான போர்டு, உட்கார பெஞ்சு எல்லாம் உண்டு, பஸ் மட்டும் வராது. 2008 வாக்கில் பத்திரிகைகளில் நிறையப் பேசப்பட்டது. போக வேண்டும் என்று கிளம்பியவர்கள் அங்கே போய் உட்காருவார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஊழியர் வந்து, பஸ் தாமதமாகிறது, உள்ளே வந்து காப்பி குடியுங்களேன் என்பார். எழுந்து வந்துவிடுவார்கள். இது நோயாளியை ஏமாற்றுவது என்று சொன்னவர்களும் உண்டு. நான் அந்த ஊழியர் பக்கம்தான். உண்மையைச் சொல்வது அதைக் கேட்டு வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு நாம் தரும் மரியாதை. அது முடியாதவரைப் பயமில்லாமல் வைத்திருப்பதுதான் அவருக்குத் தரும் மரியாதை.

இனி பர்ஸ். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் முதன்முதலாகக் கவனித்து எழுதிவைத்த நோயாளி அகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண். கணவர்மேல் சந்தேகத்தில்தான் அவருடைய நோய் தொடங்கியது. வீட்டுப் பொருள்களைக் கண்ட இடத்தில் ஒளித்தும் வைத்திருக்கிறார். கும்பகோணத்தில் உங்கள் மாமா செய்வதும் அதே நோயின் வேலை. பத்திரப்படுத்த வேண்டும் என்று தோன்றுகிறது, ஓரிடத்தில் வைக்கிறார், வைத்ததே மறந்துபோகிறது. பொருள் காணவில்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. யாரோ எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பது யார்? நீங்கள். யார் அதிகமாகக் கூட இருந்து பார்க்கிறார்களோ அவர்கள்மேல்தான் பழி விழுகிறது.

நான் எடுக்கவில்லை என்று வாதாட வேண்டாம். "அடடா, வாங்க மாமா, தேடுவோம்" என்று கூடவே தேடி, அரிசி டின் பக்கம் கூட்டிப் போய் அவர் கையாலேயே எடுக்க வையுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் சந்தேகம் வலுக்கும். அதே நிறத்தில் இன்னொரு பர்ஸ் வாங்கிச் சில்லறை போட்டு வையுங்கள். பென்ஷன் புத்தகம், ஏடிஎம் கார்டு, ஆதார் எல்லாம் அவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும்.

நாத்தனாரிடம் நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும். குடும்பம் கூடியிருக்கும்போது, எல்லோர் காதிலும் விழ, இது நோய், இவள்மேல் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அவர் வாயால் வர வேண்டும். அப்புறம் நாத்தனார் ஒரு வாரம் வந்து தங்கட்டும். அவர் மேலும் பழி விழும்போது அவருக்கே விளங்கிவிடும்.

குளியலுக்கும் உங்கள் கணவரைத்தான் கேட்க வேண்டும். மருமகள் முன்னால் சட்டையைக் கழற்ற அந்தத் தலைமுறை ஆணுக்குக் கூச்சம் இருக்காதா? தலையில் திடீரென்று தண்ணீர் விழுவதும் இவர்களுக்குப் பயம். ஸ்டூலில் உட்கார வைத்து, வெந்நீரைக் காலிலிருந்து மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். மற்ற நாள்களில் ஈரத்துண்டால் முகம், கை கால் துடைத்தால் போதும். தினம் குளித்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

ஓரிரு நாளில் குழப்பம் திடீரென்று பல மடங்கானால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதாவது இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டும் பி12-ம் பார்த்தாயிற்றா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது.

வீட்டை விட்டு இறங்கினால் அவர் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவார். சட்டைப் பையில் பெயரும் உங்கள் ஃபோன் நம்பரும் எழுதி வையுங்கள். அங்கே உள்ள டைம் கீப்பரிடமும் டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் அவர் ஃபோட்டோவைக் காட்டி வையுங்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஊரில் இருந்தால் வரச் சொல்லுங்கள். பெயர் மறந்திருந்தாலும் ரூட் நம்பரைச் சொன்னால் பேச ஆரம்பித்துவிடலாம்.

மருத்துவத்துக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு என்றால் தயங்காதீர்கள், இதையும் அவர்கள் பார்ப்பார்கள். முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் ஞாயிறு மட்டும் வருகிறார் என்றால், அந்த ஞாயிறு முழுக்க மாமா அவர் பொறுப்பு. குளியல், சாப்பாடு, சாயங்காலக் கேட், கலெக்‌ஷன் கணக்கு எல்லாம். அன்றைக்கு நீங்கள் காலையிலேயே உங்கள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள், ராத்திரி வந்தால் போதும். இந்தப் பதிலை அவருக்கும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா