ஜிம்மி இல்லாத வாசல்

கேள்வி: எங்கள் வீட்டில் 13 ஆண்டுகள் வாழ்ந்த ஜிம்மி என்ற நாட்டு நாய் சென்ற மாதம் இறந்துவிட்டான். எங்களுக்குத் திருமணமான இரண்டாம் ஆண்டில், மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியாக என் கணவர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவன் அவன். ஏப்ரல் மாதத்திலிருந்தே அதிகமாகத் தண்ணீர் குடித்தான். கோடைக்காலம்தானே என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோற்றை வெறுத்து வாந்தி எடுக்கத் தொடங்கிய பிறகே மருத்துவரிடம் கொண்டுசென்றோம். சிறுநீரகங்கள் பெரும்பாலும் செயலிழந்துவிட்டன என்றார் அவர். மூன்று வாரங்கள் டிரிப்ஸ் ஏற்றியும் பயனில்லை. எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தவனை ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது, ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது நான்தான். ஊசி போட்ட பிறகும் அவன் கண்கள் மூடவில்லை. இரண்டு முறை பெருமூச்சும் விட்டான். அந்தக் காட்சி என்னை இரவில் உறங்க விடுவதில்லை. ‘விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு நாய்க்காகவா அழுகிறாய்’ என்று மாமியார் கடிந்துகொள்கிறார். கணவர் அவன் பெயரையே எடுப்பதில்லை. ஏழு வயது மகனிடம், ஜிம்மியைத் தெரிந்தவர் தோப்பில் விட்டிருக்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே அழைத்துப்போகச் சொல்கிறான். நான் செய்தது பாவமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: பாவமில்லை, சகோதரி. இதை ஆறுதலுக்காக மட்டும் நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களே அதைச் சொல்கின்றன.

சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போகும் வரை நாயிடம் வெளியே எதுவும் தெரிவதில்லை. அதற்குப் பிறகுதான் நிறையத் தண்ணீர் குடிப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் தொடங்குகின்றன. வழக்கமான இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அளவு உயர்ந்து காட்டுவதற்குள் முக்கால் பங்கு போய்விட்டிருக்கும். ஆகவே, நீங்கள் ஏப்ரலில் கண்ட அந்த முதல் அறிகுறியே நோய் வெகுதூரம் வந்துவிட்டதன் அறிகுறிதான். அன்றே ஓடியிருந்தால் உணவு மாற்றத்தாலும் மருந்தாலும் இன்னும் சில மாதங்கள் கிடைத்திருக்கலாம் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை; ஆனால் அழிந்த சிறுநீரகத் திசு மீண்டும் வளர்வதில்லை என்பதால், அவனை அந்த நோயிலிருந்து மீட்டிருக்க உங்களால் முடிந்திருக்காது. கோடையில் ஒரு நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து வெயில்தான் காரணம் என்று நினைப்பது கவனக்குறைவாகாது.

அடுத்தது, உங்களை வதைக்கும் அந்தக் கடைசிக் காட்சி. இத்தகைய ஊசியில் வழக்கமாகச் செலுத்தப்படுவது மிகையான அளவு மயக்க மருந்து. முதலில் போவது நினைவு. அது சில நொடிகளில் நிகழ்ந்துவிடும். மூச்சும் இதயத்துடிப்பும் நிற்பது அதற்குப் பிறகு. இமைகள் மூடியிருக்கத் தசைகள் இயங்க வேண்டும் என்பதால், இறந்த நாயின் கண்கள் பெரும்பாலும் திறந்தபடியே இருக்கும். நீங்கள் கேட்ட பெருமூச்சு, நினைவு முற்றிலும் அகன்ற பின் உடல் தானாகச் செய்யும் அசைவு. அதில் வலியும் இல்லை, உங்களை அழைத்த குரலும் இல்லை. இவற்றை ஊசி போடுவதற்கு முன்பே வீட்டாரிடம் மருத்துவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த இரண்டு வார்த்தைகள் கிடைக்காததால் நீங்கள் ஒரு மாதமாக உறக்கமின்றித் தவிக்கிறீர்கள். அந்தக் கையெழுத்தை இடாமல் திரும்பி வந்திருந்தால் ஜிம்மிக்குக் கிடைத்திருக்கக்கூடியவை ஓயாத குமட்டலும் வாய்ப்புண்ணும், ஒருவேளை வலிப்பும் கொண்ட சில நாட்கள். அந்த நாட்களை அவனுக்கு இல்லாமல் செய்தீர்கள். அதற்குரிய வேதனையை நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

‘ஒரு நாய்க்காகவா’ என்ற கேள்வியைப் பலரும் எனக்கு எழுதுகிறார்கள். சுற்றியிருப்பவர்கள் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத துக்கம் மனத்தில் கூடுதலாகக் கனக்கிறது என்பதைக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் விரிவாக எழுதினார். பதினாறாம் நாளும் இல்லை, துக்கம் விசாரிக்க வருபவர்களும் இல்லை, அலுவலகத்தில் விடுப்பும் இல்லை என்னும்போது, அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகிறது. ஆனால் நம் மண்ணுக்கு இந்தத் துக்கம் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் மாண்ட வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்ளரைக் கடித்துக் காத்துநின்ற செய்தியும் எழுதப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரார் தம் நாயின் பெயர் மறந்துபோகக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஜிம்மியைப் புதைத்த இடத்தில் நீங்கள் ஓர் அகல் ஏற்றினால் அதைத் தவறென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உங்கள் மாமியாரையும் கடுமையாக எண்ண வேண்டாம். அவரும் 13 ஆண்டுகள் அவனோடு ஒரே வீட்டில் இருந்தவர்தானே.

மகனிடம் உண்மையைச் சொல்லும் பொறுப்பை இனியும் ஒத்திப்போடாதீர்கள். அடுத்த ஞாயிறு வரும்போது அவன், நண்பனைத் தோப்பில் விட்டுவிட்டு ஒருமுறையும் பார்க்கப் போகாத பெற்றோரைப் பார்ப்பான். ‘ஜிம்மி இறந்துவிட்டான்’ என்றே சொல்லுங்கள். தூங்கிவிட்டான் என்று சொன்னால் சில குழந்தைகள் தாம் தூங்கவே அஞ்சுவார்கள். முன்பு சொன்னது பொய் என்றும், உங்களுக்கே அழுகை வந்ததால் அப்படிச் சொல்லிவிட்டீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். புதைத்த இடத்தைக் காட்டுங்கள். அவன் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் ஒரே பதிலைக் கொடுங்கள். அப்போது உங்கள் கணவரும் அருகில் இருக்கட்டும். சட்டைக்குள் வைத்து அந்தக் குட்டியைக் கொண்டுவந்தவர் அவர். அந்த மழை நாளின் கதையை மகனுக்குச் சொல்லும்படி அவரிடம் கேளுங்கள். ‘உங்களுக்கு வருத்தமில்லையா’ என்று கேட்டால் வாய் திறக்காத மனிதர், அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இருந்த இரண்டு நாய்களில் ஒன்று பத்து நாட்களுக்கு முன் பாம்பு கடித்து இறந்துவிட்டது. மற்றொன்று பாதிச் சோற்றை மீதம் வைக்கிறது. வரப்பு வரை சென்று நின்றுவிட்டுத் திரும்பி வருகிறது. நாய்க்கும் துக்கம் உண்டா?

வாசகர், திண்டுக்கல்

பதில்: துணையை இழந்த நாய் மாறிப்போகிறது என்பது உறுதி. இத்தாலியில் 426 பேரிடம் விவரம் கேட்டு 2022இல் வெளிவந்த ஆய்வில், வீட்டிலிருந்த ஒரு நாய் இறந்தபின் மற்ற நாயின் நடத்தை மாறியதாக 86 விழுக்காட்டினர் கூறினர். விளையாட்டு குறைவதும், உணவு குறைவதும், ஆட்களை ஒட்டிக்கொண்டே இருப்பதும் அவர்கள் கண்ட மாற்றங்கள். சோறு வைக்கும் நேரத்தையும் உலாவ அழைத்துச்செல்லும் நேரத்தையும் மாற்றாதீர்கள். முழுவதுமாக ஒரு நாள் சாப்பிடாவிட்டாலோ தண்ணீரைத் தொடாவிட்டாலோ, துக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். துணைக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடுவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இறந்த நாய் படுத்த சாக்கு இன்னும் இருந்தால் அதைத் துவைக்க வேண்டாம். மற்றது அதை மோந்து பார்ப்பதை நிறுத்தும் வரை அங்கேயே கிடக்கட்டும்.