அட்டப்பாடி இருளரைப் பற்றி எழுதும் தயக்கம்

கேரளத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் வாழும் இருளர் என்ற பழங்குடியினரைப் பற்றி எழுதிய கட்டுரை உறுத்துகிறது, எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம், ஆனால் ‘இருளர் இப்படிப்பட்டவர்கள்’ என்று பொதுவாகச் சொல்லும் வாக்கியங்களை அடித்துவிட்டு, நீங்கள் நேரில் கண்டதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டுச் சித்தூர்த் தமிழரான உங்களுக்கு அதற்குத் தகுதி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உறுத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் தகுதியன்று. நீங்கள் எங்கே நின்று பேசுகிறீர்கள் என்பதைக் கட்டுரை சொல்லாததுதான். கேரளத்தில் மொழிச் சிறுபான்மையராக இருக்கும் நாமே, அட்டப்பாடிக்குப் போனால், நிலம் பிடித்த வந்தேறிகளின் வரிசையில் வைத்துப் பார்க்கப்படுகிறோம் (பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டுத்தர 1975-இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது). இதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

பிறகு ‘இருளர்’ என்று வருமிடமெல்லாம் ‘சித்தூர்த் தமிழர்’ என்று போட்டு வாய்விட்டுப் படியுங்கள். ‘வெள்ளந்தியான மக்கள்’ போன்ற வரிகள் அப்போது சுருக்கென்று தைக்கும்.

அட்டப்பாடியின் மற்ற பழங்குடிகளான முடுகரையும் குறும்பரையும் இருளரோடு சேர்த்து ‘ஆதிவாசி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால், இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டத்தான் வேண்டும்.