மென்பொருள் வேலையில் ஊக்கம் குறையாமல் இருப்பது எப்படி?

"காலையில் லேப்டொப்பைத் திறக்கவே கை வரவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல ஊரில் இருந்தபடி கொழும்புக் கம்பனிக்குக் கோட் எழுதுகிறவர் என்று நினைக்கிறேன்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில் வேலை செய்தேன், சலிப்பு வரவில்லை. எல்லாம் சரியான பிறகுதான் வந்தது. டிக்கெட் (செய்ய வேண்டிய ஒரு வேலையின் குறிப்பு) வரும், முடிப்பேன், அடுத்தது வரும். யாருக்காகச் செய்கிறேன் என்றே தெரியாது.

அப்போதுதான் எட்டு மாதமாக யாரும் தொடாத ஒரு பக், அதாவது மென்பொருள் பிழை, கண்ணில் பட்டது. சம்பளச் சிட்டையில் தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன. பெயரைச் சேமிக்க 30 பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) தான் ஒதுக்கியிருந்தார்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'முத்துலட்சுமி' 39 பைட். சிட்டையில் 'முத்துலட்ச' என்று நிற்கும்.

மற்றவர்களுக்கு அது சின்ன விஷயம். எனக்கு வயிறு எரிந்தது. அம்மா கொழுந்து பறித்தவர். 50 வயதில், வேலை செய்த காலத்தில் சேர்ந்த சேமலாப நிதியை எடுக்கப் போனால் தோட்டப் பதிவில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர். சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கி, எத்தனை நாள் அலைந்தார்! பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததற்கு அம்மா ஏன் அலைய வேண்டும்? மலையகத்தில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. பேசினால் 'பழசையே பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்' என்கிறார்கள். பணம் கைக்கு வராத வீட்டுக்கு அது பழசு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெயர் வெட்டுப்படும் அந்தப் பிழையின் டிக்கெட்டைக் கேட்டு வாங்கினேன். டேட்டாபேஸில் இருந்து அச்சு வரைக்கும் பெயர் வெட்டுப்படும் இடத்தையெல்லாம் தேடித் திருத்த இரண்டு கிழமை ஆனது. டெஸ்ட்டில் முதலில் போட்டது அம்மாவின் பெயரை. அந்த இரண்டு கிழமையும் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டேன்.

சம்பளம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை கூடிப்போய்க் களைத்தவருக்கு லீவுதான் வேண்டும், இது பொருந்தாது. ஆனால் உங்களுக்கு இருப்பது என் சலிப்பு என்றால், பட்டியலின் அடியில் கிடக்கும் பழைய டிக்கெட்டுகளை இன்றைக்கே ஒரு தடவை வாசியுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாரையாவது பாதிப்பது ஒன்று இருந்தால், அதைக் கேட்டு வாங்குங்கள்.