எலும்பும் தோலுமாக வந்த நாய்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த முறை வந்தவற்றில், கேட்பாரற்றுக் கிடந்த நாய்களைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். எழுதிய எல்லோருக்கும் நல்ல மனசு. கூடவே கொஞ்சம் அவசரமும்.

பட்டினி கிடந்த ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், டாக்டர். தட்டில் வைத்ததை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு இன்னும் கேட்கிறது. வயிறு நிறையப் போடலாமா?

வேண்டாம். பல நாள் காய்ந்த உடம்புக்குத் திடீரென்று முழுச் சாப்பாடு கொடுத்தால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். அப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பட்டினியில் பிழைத்த நாய் சாப்பிட்டுச் சாவது இப்படித்தான். இதற்குப் பெயர் ரீஃபீடிங் சிண்ட்ரோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையான போர்க்கைதிகளிடமும் மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் 3 நாள், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மாவுச்சத்து குறைவாகவும் புரதமும் கொழுப்பும் கூடுதலாகவும் இருக்கட்டும். சுமார் 10 நாளில் முழு அளவுக்கு வரலாம். அளவை டாக்டர் எடை பார்த்துச் சொல்வார். எழுந்து நிற்கவே முடியாத நாய் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

குட்டியில் கட்டிய பெல்ட்டை யாரும் கழற்றவே இல்லை போலிருக்கிறது. கழுத்துச் சதைக்குள் போய்விட்டது, நாற்றம் அடிக்கிறது. நாங்களே வெட்டி எடுக்கலாமா?

கை வைக்காதீர்கள். முடியை விலக்கிப் பார்த்தால் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். ஆனால் பெல்ட்டின் மேல் தோல் வளர்ந்து மூடியிருக்கும், அடியில் முக்கியமான ரத்தக் குழாய்கள் ஓடும். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கூட்டிப்போகும்போது கழுத்தில் கயிறு போடாமல், மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையைப் பயன்படுத்துங்கள்.

நாற்றம் இருந்தால் புழுவும் இருக்கலாம். ஈ முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றுவது புழுவோடு சதையையும் பொசுக்கும். வலிக்கிறதே என்று நமக்கான இப்யூபுரூஃபென், பாராசிட்டமால் கொடுப்பதும் விஷம் வைப்பது போலத்தான்.

வந்த நாய்க்கு உடம்பெல்லாம் சொறி. வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. ஒட்டிக்கொள்ளுமா?

சொறியில் இரண்டு வகை முக்கியம். சார்கோப்டிக் வகை மற்ற நாய்க்கும் பரவும், உங்கள் கையிலும் அரிக்கும். டெமோடெக்ஸ் பரவாது. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் வழி. சொறிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கோலி போன்ற சில இனங்களுக்கு அது மூளையைத் தாக்கும்.

சொறியை விட எனக்குப் பயம் பார்வோ என்ற, நாயின் குடலைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய். தொற்றியபின் நோய் வெளிப்பட இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை தனி அறை, தனித் தட்டு. சானிடைசர் இந்த வைரஸை அசைக்காது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின் நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள்.

வந்து ஒரு வாரமாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எங்களைப் பிடிக்கவில்லையா?

உங்களை இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாமே "தள்ளி இருங்கள்" என்ற பேச்சு. அதை மதித்தால் உறுமல் வரைக்கும் போகாது.

குனிந்து உள்ளே கை நீட்டாதீர்கள், இழுத்து வெளியே எடுக்காதீர்கள். கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டாம். தின்பண்டத்தை உருட்டிவிட்டு ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். தானாக வந்து முகர்ந்தால் தலைமேல் கை வைக்காமல் மார்பில் லேசாகத் தடவுங்கள். மூன்று வினாடி தடவி நிறுத்துங்கள். மறுபடி ஒட்டி வந்தால் தொடரலாம், விலகினால் விட்டுவிடுங்கள்.

குளிப்பாட்டுவது, உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது, போட்டோ எடுப்பது எல்லாம் பிறகு. பல நாய்கள் வீட்டு வழக்கத்துக்கு வர மூன்று வாரம் ஆகும், மனம் ஒன்ற மூன்று மாதம். கணக்கு நாய்க்கு நாய் மாறும். ஆனால் சாப்பாட்டையே தொடவில்லை என்றால் அதைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டில் இரவும் பகலும் சங்கிலியில். ராத்திரியில் அவிழ்த்துக்கொண்டு போய்விடலாமா?

கோபம் புரிகிறது. ஆனால் பல இடங்களில் சட்டப்படி நாய் அவர்களுடைய சொத்து. திருட்டு வழக்கு உங்கள் மேல்தான் வரும், நாயும் திரும்ப அதே சங்கிலிக்குப் போகும். தேதியோடு படம் எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள். அதற்கு முன் ஒருமுறை பேசிப் பாருங்கள். "உங்களால் முடியவில்லை என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றதும் நிம்மதியாகக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. கொடுத்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாய் நன்றாகத் தேறிவிட்டது. கேட்டு நாலைந்து பேர் வருகிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

"நாய் என்றால் எங்களுக்கு உயிர்" என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் நிறைய தெரிந்துவிடும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். நேரில் போய் வேலி, மாடி, கதவு எல்லாவற்றையும் பாருங்கள். கருத்தடை செய்தபின் கொடுப்பதே நல்லது.

குறையை மறைக்காதீர்கள். இடிக்குப் பயப்படும், தட்டருகே போனால் உறுமும் என்பதைச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் விலகுவார்கள். விலகட்டும். ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அனுப்பும்போது, பழகிய வாசனை இருக்கும்படி, துவைக்காத பழைய போர்வையையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். புது இடத்தில் நாய் கதவு இடுக்கில் பாய்ந்து ஓடிப்போவது பெரும்பாலும் முதல் சில நாள்களில்தான். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பதிவில் புதியவரின் போன் எண்ணை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.