0.24-ஐ 1.73-ஆல் பெருக்காதீர்கள்

வணக்கம் அண்ணா. டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் போட வாங்கிய அமெரிக்கப் பாலிஸ்டைரீன் பலகையின் வெப்பக் கடத்துத்திறன் (வெப்பத்தைக் கடத்தும் அளவு, குறைந்தால் நல்லது) 0.24 என்றும், அதை 1.73-ஆல் பெருக்கினால் 0.415 வருகிறது, பலகையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். பலகை நல்ல பலகைதான்.

பலகையின் விவரத் தாளில் 0.24-க்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். மேலே பி.டி.யு (அமெரிக்க வெப்ப அலகு), அதோடு அங்குலம். கீழே மணி, சதுர அடி, ஃபாரன்ஹீட். மேலே அங்குலம் இருந்தால், நம் மெட்ரிக் அலகுக்கு மாற்ற 0.1442-ஆல்தான் பெருக்க வேண்டும். 1.73 என்பது தடிமனையும் அடியில் எடுக்கும் அலகுக்கு உரியது. ஓர் அடிக்கு 12 அங்குலம் இல்லையா, அந்த 12 மடங்குதான் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது.

0.24 × 0.1442 = 0.0346 வாட்/மீட்டர் கெல்வின். பாலிஸ்டைரீனுக்கு இதுதான் வழக்கமான அளவு. 0.415 செங்கல்லை நெருங்கும் எண். ஒரு விரலில் தூக்கும் பலகைக்கு அது வரவே வராது.

ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்குவது போல 32-ஐக் கழித்துப் பார்த்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அதுவும் வேண்டாம். இங்கே கணக்கில் வருவது வெப்பநிலை வித்தியாசம் மட்டும்.

சரி, தடிமன் 50 மி.மீ. என்றால் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, 0.05 ÷ 0.0346, ஏறக்குறைய 1.44. பெட்டியில் அமெரிக்க ஆர் 8.2 என்று இருக்கும், 5.678-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 1.44 வரும். டர்பன் பிப்ரவரி வெயிலுக்கு ஒரு அடுக்கு போதாது அண்ணா, இரண்டாகப் போடுங்கள்.